பந்தியில் கொடுத்த ஓகே

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது ஃபாலோ-அப் என்று தனியாக ஆள் கிடையாதாம். போன வாரம் நந்தினி போனில் சொன்னாள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைஸிங்கில் நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் சேர்ந்த பெண் அவள். புதிதாக ஒரு ஆப் போட்டிருக்கிறார்களாம். சாயம் போடும் டையிங்காரர், பிரிண்டிங்காரர், தையல்காரர் எல்லோரும் அவரவர் வேலை முடிந்ததும் அதில் ஒரு பட்டனை அமுக்கிவிட்டால், துணி எங்கே இருக்கிறது என்று ஆபீஸில் திரையில் தெரிந்துவிடுமாம். “இது எதுவும் இல்லாம நீங்க எப்படிங் சார் சமாளிச்சீங்க?” என்று கேட்டாள். பாதி சொல்வதற்குள் அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாவதில்லை. நூல் ஓரிடம், பின்னுவது ஓரிடம், சாயம் போடுவது வீரபாண்டி, அச்சுப் போடுவது வேறெங்கோ, தைப்பது இன்னொரு சந்து. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முதலாளி. இத்தனை பேருக்கும் நடுவில் துணிக்குப் பின்னாலேயே அலைந்து, எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, எப்போது நகரும் என்று சொல்கிறவன்தான் ஃபாலோ-அப். முப்பத்திரண்டு வருடம் அலைந்தேன். வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. முதல் மூன்று வருடம் எனக்கு முன்னால் இருந்தவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து எல்லா யூனிட்டிலும் டீ குடித்தேன். நான்காம் வருடம் மொபெட் எனக்கு வந்தது, டீ குடிக்கத்தான் நேரம் இல்லாமல் போனது.

மொபைல் போன் வந்த புதிதில் பேசுவதென்றால் பயம். எதிராளி கூப்பிட்டாலும் நமக்குக் காசு போகும். அதனால் ஊரே மிஸ்டு காலில் வாழ்ந்தது. நானும் என் யூனிட்டுகளுக்கு ஒரு சட்டம் வைத்தேன். ஒரு மிஸ்டு கால் என்றால் வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு என்றால் வேலை முடிந்தது, வந்து எடுத்துக்கொள்ளலாம். மூன்று என்றால் ஏதோ சிக்கல், உடனே வா. பத்து பைசா செலவில்லாமல் நாள் முழுக்க ஒன்பது யூனிட்டை நடத்தினேன். வீட்டுக்காரியும் இதைப் பார்த்துவிட்டுத் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து ஒன்று வந்தால் பால், இரண்டு வந்தால் மளிகை, மூன்று வந்தால் அவளுடைய அண்ணன் வந்திருக்கிறார். மூன்று வரும் நாட்களில் எனக்குக் கம்பெனியில் வேலை அதிகமாகிவிடும்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் கஸ்தூரி மேடம். என்னைவிட ஆறேழு வயது சின்னவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்ப இறங்கினால் நாங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திட்டு வாங்க வேண்டும். போனில் அவருக்கு ஒரு பழக்கம். எடுத்தவுடன் லாட் நம்பரை, அதாவது எந்தத் துணிக்கட்டு என்பதைத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் என்ன நடந்தது, அப்புறம் என்ன வேண்டும். வணக்கம், சாப்பிட்டாச்சா எல்லாம் கடைசியில், நேரம் இருந்தால். நிமிடக் கணக்கில் காசு பிடித்த காலத்தில் அறுபது வினாடி ஆவதற்குள் பாதி வாக்கியத்தில் வைத்துவிடுவார். பேச்சு இலவசமாகி இத்தனை வருடம் ஆன பிறகும் அப்படியேதான் வைத்தார். நான் சொல்லவந்த எத்தனையோ நல்ல வாக்கியங்கள் அவர் போனில் பாதியில் செத்திருக்கின்றன.

அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நாம் என்ன தகவல் சொன்னாலும் கேட்பார். “பாத்துச் சொல்றீங்களா, கேட்டுச் சொல்றீங்களாங் அண்ணா?” துணி காய்ந்துவிட்டது என்று சொன்னால், தொட்டுப் பார்த்தாயா, இல்லை டையிங்காரர் சொன்னதைச் சொல்கிறாயா என்று அர்த்தம். கேட்டுச் சொல்வதில் தப்பில்லை. கேட்டதைப் பார்த்தேன் என்று சொல்வதுதான் தப்பு. இரண்டுக்கும் அவர் நோட்டில் தனித்தனிப் பத்தி இருந்தது.

பிறகு வாட்ஸப் வந்தது. எனக்கு அது கை கால் முளைத்த மாதிரி. முதலில் எல்லோரையும் ஒரே குரூப்பில் போட்டேன். பொழுது விடிந்தால் நாற்பது பூப்படம், நாற்பது காலை வணக்கம், அதற்கு நடுவில் எங்கேயோ ‘வண்டி பஞ்சர்’ என்று ஒரு வரி. ஒரு வாரத்தில் குரூப்பைக் கலைத்தேன். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியாக அனுப்புவது என்று வைத்துக்கொண்டேன். படம் எடுத்தால் லாட் அட்டை படத்தின் மூலையில் தெரிய வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு வரி. எழுதப் படிக்க வராதவர்களுக்கு வாய்ஸ், அதுவும் அரை நிமிடத்துக்குள். மடிப்பு வேலைக்கு வந்திருந்த வடநாட்டுப் பையன்களுக்கு நான் அனுப்பிய இந்தி வாய்ஸைக் கேட்டு அவர்கள் பக்கத்து ரூமைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டிச் சிரித்ததாகக் கேள்வி. சிரித்தாலும் எண்ணிக்கை சரியாக வந்தது.

வீரபாண்டியில் எங்களுக்குச் சாயம் போட்ட யூனிட்டில் மாஸ்டர் ஆரோக்கியசாமி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை மாஸ்டர் என்பேன். கண் என்றால் அது கண். இரண்டு வெள்ளைத் துணியைக் காட்டினால் எதில் நீலம் கூட என்று சொல்வார். பட்டன் போனை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவரை, கடைக்குக் கூட்டிப்போய்ப் புதுப் போன் வாங்க வைத்தவன் நான்தான். அவர் போனில் முதலில் சேமித்த பெயரும் என்னுடையதுதான்.

ஷேட், அதாவது கலர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட கலரில் ஒரு சின்னத் துண்டு எங்களிடம் இருக்கும், அதில் பாதி மாஸ்டரிடம். சாய மிஷினுக்குள் துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் அதிலிருந்து ஒரு கையகலத் துண்டை வெட்டி எடுப்பார். அலசுவார், பிழிவார், அயர்ன் போட்டுக் காயவைப்பார். ஈரத்துணி எப்போதும் அழுத்தமாகத் தெரியும், அதை நம்பக் கூடாது. காய்ந்த துண்டை நான் வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு ஓடுவேன். அங்கே லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி. அதற்குள் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒத்துப்போனால்தான் ஓகே. அதன் பிறகுதான் துணியை மிஷினிலிருந்து இறக்குவார்கள். கொஞ்சம் விலகியிருந்தால் மிஷினுக்குள் இருக்கும்போதே சரிசெய்துகொள்ளலாம். இறக்கிக் காயப்போட்ட பிறகு அதே கலருக்குக் கொண்டுவர முடியாது.

வீரபாண்டிக்குப் போய் வர ஒன்றரை மணி நேரம். அதுவரை மிஷின் சுடுதண்ணீரோடு சும்மா சுற்றும். நான் யோசித்தேன். துண்டையும் ஒப்புதல் துண்டையும் பக்கத்தில் வைத்து மாஸ்டரே ஒரு படம் எடுத்து அனுப்பினால் என்ன? மாஸ்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் கேலி பண்ணினேன். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் தொங்குவது போன தலைமுறை என்றேன். அடர்ந்த கலர்களில் ஆரம்பித்தோம், கருப்பும் கருநீலமும். எல்லாம் சரியாக வந்தது. ஓடி ஓடித் தேய்ந்த காலுக்கு ஓய்வு கிடைத்ததில் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியது.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஒன்று வந்தது. கலர் பீச். ஆரஞ்சும் இல்லாத ரோஸும் இல்லாத ஒரு வெளிர் நிறம். ஒரு பொட்டுச் சிவப்பு கூடினால் வேறு கலராகிவிடும். உடம்புப் பகுதிக்கான துணி முதல் இரண்டு லாட்டில் வந்துவிட்டது. அதை நானே கொண்டுபோய் லைட் பாக்ஸில் வைத்து ஓகே வாங்கினேன். மூன்றாவது லாட் கைக்கும் கழுத்துக்கும்.

அது ஓடிய அன்று ஞாயிற்றுக்கிழமை. மங்கலத்தில் என் சின்ன மச்சினன் புதுவீடு கட்டிக் குடிபோனான். பந்தியில் உட்கார்ந்து இலையில் பாயசம் விழுகிற நேரத்தில் போன் அதிர்ந்தது. மாஸ்டர் அனுப்பிய படம். அதற்குக் கீழே ஒரு வாய்ஸ். மைக் செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. படத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு துண்டும் ஒன்று போலத்தான் தெரிந்தது. பக்கத்து இலைக்காரர் என்னங்க என்றார். வீரபாண்டியில் ஒரு மிஷின் துணி என் பதிலுக்குக் காத்திருக்கிறது என்றேன். அவர் முகத்தில் மரியாதை ஏறியது. நான் சும்மா இருந்திருக்கலாம். இடது கையில் போனைப் பிடித்துப் பெருவிரலால் ‘ஓகே மாஸ்டர், இறக்குங்க’ என்று அடித்து அனுப்பிவிட்டு, இப்படித்தான் நம் வேலை நடக்கிறது என்று அவரிடம் காட்டினேன். அப்புறம் பாயசம் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கஸ்தூரி மேடத்திடம் மூன்றாவது லாட் ஷேட் ஓகே என்றேன். பார்த்துச் சொல்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டார். “பாத்துத்தானுங் மேடம்” என்றேன். படத்தைப் பார்த்தேன் அல்லவா, அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை கட்டிங் மாஸ்டர் உடம்புத் துணியையும் கைத்துணியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. உடம்பு பீச். கை ரோஸ். சாயம் பற்றி ஒன்றும் தெரியாத டீக்கடைக்காரரே கிளாஸை வைத்துவிட்டு, இது வேற கலருங்களே என்றார்.

நான் வெளி யூனிட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், அடுத்த இரண்டு மணி நேரத்தில் எல்லாம் நடந்துவிட்டது. மேடம் டையிங் முதலாளிக்குப் போன் போட்டார். எங்கள் ஆள் பார்த்து ஓகே சொன்ன துண்டு வேறு, நீங்கள் இறக்கிய துணி வேறு என்றார். முதலாளிக்கு வந்த கோபம் நேராக ஆரோக்கியசாமி மேல் போனது. யார் சொல்லி இறக்கினாய் என்று கேட்டதற்கு மாஸ்டர், நானாத்தான் இறக்கினேன் என்றிருக்கிறார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்ததும் கம்பெனிப் பின்பக்கம் போய் மாஸ்டரைப் போனில் கூப்பிட்டேன். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஒங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருசம் கெடக்கு அண்ணாச்சி. இந்த நேரத்துல பேரு கெட்டா நல்லாருக்காது. எனக்கென்ன, இன்னொரு டையிங்ல கேட்டுக்கிடுதேன். நம்ம பேசுனதெல்லாம் அழிச்சிட்டேன். நீங்களும் அழிச்சிருங்க.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மேடம் மாதிரியே, நான் பேச ஆரம்பிப்பதற்குள்.

அன்று பிற்பகல் முழுக்க நான் நல்ல மனிதனாக நடந்துகொள்ளவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அவரே விரும்பிச் செய்தது, நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவருக்கு வேறு இடத்தில் நானே சொல்லி வேலை வாங்கித் தந்துவிடலாம் என்றும் நினைத்தேன். மாலை ஐந்து மணிக்கு டையிங் மாஸ்டர்கள் குரூப்பில் ஒரு படம் வந்தது. நானும் அந்தக் குரூப்பில் இருந்தேன். பீச் உடம்பு, ரோஸ் கை. கீழே ஆரோக்கியசாமியின் பெயர், இவருக்கு யாரும் வேலை கொடுத்து ஏமாறாதீர்கள் என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். பைசா செலவில்லாமல் ஒரு மனிதருடைய முப்பது வருடப் பெயர் டீ ஆறுவதற்குள் முடிந்துபோனது. இனி எந்த டையிங்கில் அவர் கேட்பார்?

அப்போதும் எனக்குத் துணிவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைத் திறந்தேன். அழிக்கத்தான் திறந்தேன். படத்துக்குக் கீழே அந்த வாய்ஸ் இருந்தது. அதில் மைக் பொம்மை பச்சையாக இருந்தது. கேட்டிருந்தால் நீலமாக மாறியிருக்கும். நான் அதைக் கேட்கவே இல்லை. படத்தைப் பார்த்த வேகத்தில் ஓகே அடித்திருக்கிறேன். காதில் வைத்து அமுக்கினேன்.

“அண்ணாச்சி, படத்துல ஒண்ணும் தெரியல. ஆனா கையில வச்சுப் பாத்தா செவப்பு ஏறுன மாதிரி இருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன். நான் எறக்காம வச்சிருக்கேன்.”

இறக்காமல் வைத்திருக்கிறேன் என்கிறார். என் ஓகேயைப் பார்த்தபின்தான் இறக்கியிருக்கிறார். நான் வாய்ஸைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன் என்று நம்பியிருக்கிறார். கேட்கவில்லை என்பது பிறகு அவர் போனில் தெரிந்திருக்கும். அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

நேராக மேடம் அறைக்குப் போனேன். கட்டிங் மாஸ்டரும் அங்கேயே இருந்தார். போனை மேஜையில் வைத்து வாய்ஸைப் போட்டேன். முடிந்ததும் படத்தையும் என் ஓகேயையும் காட்டினேன். மேடம் அந்த வாய்ஸை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார்.

“பாத்துத்தான் சொல்றேன்னு சொன்னீங்க.”

“பாக்கவும் இல்லீங் மேடம். அவரு சொன்னதக் கேக்கவும் இல்லீங்.”

குரல் இறங்கியது. நான் நாற்காலியை இழுத்துக்கொள்ளவில்லை, நின்றுகொண்டே வாங்கிக்கொண்டேன். அதில் எழுதத் தகுந்தது ஒன்றும் இல்லை, எல்லாமே எனக்குத் தகுந்ததுதான். மூன்று மாதம் ஷேட் பக்கமே போகக் கூடாது என்றார். சரி என்றேன். டையிங் முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன், அந்த லாட்டுக்குப் பதிலாகப் புதுத்துணி போடுவதென்றால் ஆரோக்கியசாமிதான் போட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். நான் கிளம்பும்போது நிறுத்தினார்.

“குரூப்புல நீங்களே சொல்லணுங் அண்ணா. நான் சொன்னா அது ஆபீஸ் லெட்டரு. அவருக்குப் பேரு திரும்பாது.”

வெளியே வந்து துணிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று வாய்ஸ் பதிந்தேன். முதல் தடவை என் பெயரைச் சொல்லவே மறந்துவிட்டேன். இரண்டாவது தடவை காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை, பந்தி, பாட்டுச் சத்தம் என்று. அழித்தேன். மூன்றாவதில் இவ்வளவுதான் சொன்னேன்: “நான் ஃபாலோ-அப் சின்னச்சாமி பேசறேனுங். பீச் லாட்டுக்கு ஓகே குடுத்தது நான்தானுங். மாஸ்டர் செவப்பு ஏறியிருக்குன்னு சொல்லி, வந்து பாக்கச் சொன்னாருங். நான் போவல, அவரு பேசுனதக் கேக்கவும் இல்லீங். தப்பு என்னுது. படத்த அனுப்புனவங்க இதையும் அனுப்புங்.”

குரூப்பில் முதலில் பல்லடம் பக்கத்து மாஸ்டர் ஒருவர், எனக்கும் போன வருடம் இப்படி ஒரு ஓகே வந்தது என்று எழுதினார். அடுத்து இன்னொருவர். அதற்கடுத்து நாலைந்து பேர். என்னைத் திட்டியவர்களும் உண்டு, அதுவும் நியாயம்தான். மறுநாள் மத்தியானம் வெளியூரில் இருக்கும் என் தங்கை அமராவதி நகரிலிருந்து கூப்பிட்டு, யாரோ அனுப்பியதாகச் சொல்லி, இது உன் குரல்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். படம் போன தூரத்தைவிட வாய்ஸ் அதிக தூரம் போயிருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. என் வீட்டுக்காரியும் கேட்டாள். பந்தியில் பாயசம் இரண்டு தடவை வாங்கியதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள்.

ரோஸாகிப் போன துணி வேறொரு ஆர்டருக்குக் கருநீலமாகிக் காலத்தை ஓட்டியது. கம்பெனியில் ஒரு புது வழக்கமும் வந்தது. ஷேட் பற்றி எந்தச் செய்தி போட்டாலும் முதல் வார்த்தையாக ‘நேரில்’, ‘கேட்டது’, ‘படம்’ என்ற மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். மேடம் நோட்டில் மூன்றாவது பத்தி ஒன்று சேர்ந்தது. நந்தினி, உங்கள் ஆப்பில் பட்டன் ஒன்றுதான் இருக்கிறது என்றாயே, கொஞ்சம் விசாரித்துப் பார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரை ஆரோக்கியசாமியிடமிருந்து தகவல் ஏதும் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. முதலாளி மனம் மாறினாரா, இவர் போனாரா, எதுவும் தெரியாது. மேடத்திடம் கேட்கவும் வாய் வரவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வாய்ஸ் வந்தது. நடுரோட்டில் மொபெட்டை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்.

பேச்சே இல்லை. சாய மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும். தண்ணீர் சுற்றுகிற இரைச்சலும், துணி உருளையில் ஏறி இறங்குகிற, எனக்குப் பழகிய வீரபாண்டி மிஷினின் தட் தட்டும். போனில் மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றிருப்பார் போலிருக்கிறது. முடியப்போகிற நேரத்தில் அவர் குரல், எனக்கில்லை, அங்கே சாயத்துக்கு உப்புப் போடுகிற யாருக்கோ: “ஏல, உப்பு போதும். நிறுத்து. அண்ணாச்சி வந்து பாக்கட்டும்.”

மூன்று மாதம் ஷேட் பக்கம் போகக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். நான் வண்டியை வீரபாண்டிக்குத் திருப்பினேன்.